விண்கப்பலில் ஒரு படுகளம்

எங்கள் வீட்டில் பெரிய அறை ஒன்றுதான். அதில் முக்கால் பாகம் தறிக்கு. மிச்சமிருந்த கால் பாகத்தில் பீரோ, டிவி, அரிசி மூட்டை, 2010-இல் வந்து சேர்ந்த என் கம்ப்யூட்டர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இதற்கு மேல் இடம் வேண்டுமென்றால் வேறு தெருவில் பிறந்திருக்க வேண்டும். அப்பா குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு நேரே என் திரை. எனவே 'மாஸ் எஃபெக்ட் 2' விளையாட்டை நான் தனியாக ஆடினேன் என்று சொன்னால் அது பொய். நான் ஆடினேன், அப்பா பார்த்தார், பார்த்ததோடு நிற்கவில்லை.

இதைக் கனடாவின் எட்மண்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் உருவாக்கியது. முதல் பாகம் 2007, இரண்டாம் பாகம் 2010 ஜனவரி. 50,000 வருடத்துக்கு ஒருமுறை ரீப்பர் என்ற ராட்சத இயந்திரங்கள் வந்து, அதுவரை வளர்ந்த நாகரிகங்களை எல்லாம் வழித்துத் துடைத்துவிட்டுப் போகும். நாம் ஆடும் தளபதி ஷெப்பர்ட் அவற்றைத் தடுக்க வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னபோது, "நம்ம அத்திவரதருக்கு நாப்பது வருசம், இதுங்களுக்கு அம்பதாயிரமா" என்று கேட்டுவிட்டு நாடாவைத் தள்ளினார். 1979-இல் குளத்திலிருந்து எழுந்த அத்திவரதரைச் சேவித்தவர் அவர். நீண்ட இடைவெளிகள் அவரை அசைக்காது.

ஷெப்பர்டை ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம். நான் பெண்ணாக ஆடினேன், ஜெனிஃபர் ஹேலின் குரலுக்காக. நண்பர்கள் கிண்டலடித்தார்கள். அப்பாவுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எங்கள் பக்கத்துக் கட்டைக்கூத்தில் மீசையை மழித்துக்கொண்டு ஆண்கள்தான் காலங்காலமாகத் திரௌபதி வேடம் கட்டினார்கள். வேடம் கட்டினால் கட்டினதுதான், அதில் என்ன கேலி?

இரண்டாம் பாகம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் ஷெப்பர்ட் செத்துப்போகிறாள். கப்பல் வெடித்து, விண்வெளியில் மூச்சுத் திணறி, கை கால் உதறி. தறிச் சத்தம் நின்றது.

"செத்துட்டாளே. அப்புறம் இன்னாடா ரெண்டாம் பாகம்?"

இரண்டு வருடம் கழித்து 400 கோடி கிரெடிட் செலவில் ஒரு ரகசிய நிறுவனம் அவளை உயிரோடு மீட்கிறது. நிறுவனத்தின் பெயர் செர்பெரஸ். தலைவர் சிகரெட்டைப் பிடித்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒளியுருவமாக மட்டும் பேசுவார். குரல் மார்ட்டின் ஷீன். ஒருமுறைகூட நேரில் வர மாட்டார். ஆளையும் கப்பலையும் கொடுப்பார், வேலையை முடி என்பார். அப்பா ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"இவன் மொதலாளிடா. பாவு குடுத்து சேலை வாங்கறவன்."

இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை. இந்த விளையாட்டின் பெரிய குறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் பாகத்தில் இதே செர்பெரஸ் மனிதர்கள் மீதே கொடூரமான சோதனைகள் நடத்திய கும்பல். அவர்களைச் சுட்டுத் தள்ளியவள் ஷெப்பர்ட். இப்போது அவர்களிடமே கூலிக்கு நெய்கிறாள். "உன் பாவும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று சொல்ல ஒரு பொத்தான் கிடையாது. வாயால் முறைத்துக்கொள்ளலாம், கால் மட்டும் அவர்கள் குழியில்தான். நம் விருப்பப்படி கதை நகரும் என்று அட்டையில் போட்டுவிட்டு, முக்கியமான இடத்தில் நம்மை உட்காரவைத்துக் கட்டிவிடுகிறார்கள்.

இப்போது ஒட்டு விஷயம். முதல் பாகத்தை முடித்தவர்கள் அந்த சேவ் ஃபைலை இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுவரலாம். யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் எல்லாம் கூடவே வரும். கொண்டுவராமல் புதிதாகத் தொடங்கினால் விளையாட்டே ஒரு பழங்கதையை வைத்துக்கொள்ளும், அதில் முதல் பாகத்தில் கூடவே வந்த என் அன்புக்குரிய தோழன் ரெக்ஸ் ஏற்கெனவே இறந்திருப்பான். அதற்காகவே முதல் பாகத்தை மறுபடி முழுசாக ஆடிவிட்டு வந்தேன். காஞ்சிபுரத்துக்காரனுக்கு ஒட்டு என்றால் சும்மா இல்லை. கோர்வைச் சேலையில் உடம்புக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. உடம்பின் ஊடை கரைக்குள் போகாது. ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலோடு கோத்துக்கொண்டு திரும்பும். வலப்பக்கம் அப்பா, இடப்பக்கக் கரை நாடாவுக்குச் சின்ன வயதில் நான். ஒரு கோர்வை தவறினால் முதுகில் விழும், சேலையின் முதுகில் அல்ல. முந்திக்கு வேறு நிறம் என்றால் இன்னும் கஷ்டம்: உடம்புப் பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைப் பிணைத்து, கொஞ்ச தூரம் இரண்டையும் சேர்த்தே நெய்து, பிறகு உபரியை நறுக்க வேண்டும். சேலை நைந்தாலும் முந்தி பிரியாது என்பார்கள்.

பயோவேர்காரர்கள் ஆயிரம் இழையைப் பிணைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று தவறிவிட்டது, அதுவும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில். கான்ராட் வெர்னர் என்று ஒரு அப்பாவி ரசிகன். முதல் பாகத்தில் அவனிடம் தன்மையாகப் பேசி, வீட்டில் மனைவி காத்திருக்கிறாள் என்று எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தேன். இரண்டாம் பாகத்தில் இல்லியம் என்ற கிரகத்தில் பார்த்தால், நான் அவன் முகத்தில் துப்பாக்கியை நீட்டினேன் என்கிறான்! நான் தன்மையாகப் பேசியது எதுவும் அந்த ஃபைலிலிருந்து சரியாகப் படிக்கப்படவில்லை. அது மென்பொருள் பிழை. எனக்குக் கோபம் வரவில்லை, ஊர் ஞாபகம் வந்தது. 1998-இல் எங்கள் அக்கா கல்யாணத்தில் தன்னை யாரும் "வாங்க" என்று கேட்கவில்லை என்று இன்றுவரை சொல்லும் பெரியப்பா எங்களுக்கு உண்டு. வீடியோ கேசட்டில் அப்பா அவர் கையைப் பிடித்துக் கூட்டிவருவது தெளிவாக இருக்கிறது. என்ன பிரயோஜனம், ஃபைல் அப்படிப் படிக்கப்பட்டுவிட்டது.

தொந்தரவுகளில் பெரியது சுரங்க வேலை. கப்பலைப் பலப்படுத்தக் கனிமம் வேண்டும். கனிமத்துக்குக் கிரகம் கிரகமாகப் போய், ஒரு வட்டத்தை மெதுவாக நகர்த்தி, முள் துள்ளும் இடத்தில் ஒரு குழாயை இறக்க வேண்டும். பிரபஞ்சத்தைக் காக்கும் தளபதி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதைச் செய்துகொண்டிருப்பாள். எழுபது எண்பது கிரகம் தடவிய பிறகு என் விரல் மரத்துப்போனது. அப்பா மட்டும் இந்தப் பகுதியை ஆர்வமாகப் பார்த்தார்.

"இன்னா கெடைக்குது?"

"பல்லேடியம், பிளாட்டினம், இரிடியம்."

"வெள்ளி?"

"இல்லப்பா."

"தங்கம்?"

"அதுவும் இல்ல."

"ஜரிகைக்கு ஆவாத கிரகத்த வெச்சிகினு இன்னாடா பண்றது" என்று திரும்பிக்கொண்டார்.

சரி, கதை? மனிதக் குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் காணாமல் போகிறார்கள். கடத்துகிறவர்களின் இடத்துக்குப் போய் அடிக்க வேண்டும். அதற்கு ஆள் சேர்க்க வேண்டும். இவ்வளவுதான். ஒரு அஞ்சலட்டையின் பின்பக்கம் போதும். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் விளையாட்டில் நடுக்கதை நகரும் நேரம் சொற்பம். மிச்சமெல்லாம் ஆள் சேர்ப்பதும், சேர்த்த ஆட்களின் வீட்டுப் பஞ்சாயத்தைத் தீர்ப்பதும்தான். ஜேக்கப்புக்குக் காணாமல் போன அப்பா. மிராண்டாவுக்கு ஒளிந்து வாழ வேண்டிய அளவுக்குக் கொடுமைக்கார அப்பா, ஒளித்துவைத்த தங்கை. தாலிக்கு அப்பா செய்த தவறுக்காக இவள் மேல் ராஜத்துரோக வழக்கு. தேன் என்ற கொலைகாரனுக்கு அப்பா வழியிலேயே போகத் துடிக்கும் மகன். சமாராவுக்குத் தானே கொல்ல வேண்டிய மகள். சண்டைக்குக் கிளம்புகிற கப்பலா, குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்த குடும்பமா என்று சந்தேகமே வரும். ஒவ்வொருவர் மனசையும் தேற்றினால்தான் அவர் வண்டியில் ஒழுங்காக ஏறுவார், தேற்றாமல் கூட்டிப்போனால் கடைசிப் போரில் சாக வாய்ப்பு அதிகம்.

விமர்சகர்கள் இதைக் குறை என்கிறார்கள், நடுக்கதை இளைத்துவிட்டதாம். எனக்கு இதுதான் மொத்த விளையாட்டின் உயிர். மோர்டின் என்ற கிழட்டு விஞ்ஞானியை எடுத்துக்கொள்ளுங்கள். தவளை மூஞ்சி. வாக்கியத்தை முடிக்கப் பொறுமை இல்லாமல் வார்த்தை வார்த்தையாக உதறுவார். கேட்டால் திடீரென்று பாட்டுப் பாடுவார். அப்பா அவரைப் பார்த்த உடனே "கட்டியங்காரன்" என்றார். கூத்தில் கட்டியங்காரன் சிரிக்கவைப்பான், ராஜாவையே நக்கலடிப்பான். அப்புறம்தான் விஷயம் தெரிகிறது: இந்தச் சிரிப்புக்காரர்தான் க்ரோகன் என்ற ஒரு இனத்துக்குப் பிள்ளை தங்குவதே அரிதாகும்படி செய்த நோயை மறுபடி வீரியமாக்கியவர். அவருடைய பழைய சிஷ்யனைத் தேடி க்ரோகன்களின் ஊருக்குப் போகிறோம். அங்கே, சோதனையில் இறந்த ஒரு க்ரோகன் பெண்ணின் உடல் முன் நின்று, கணக்கு சரிதான், வேறு வழியில்லை என்று காரணம் அடுக்கிக்கொண்டே வருகிறார். பேச்சின் வேகம் மட்டும் குறைகிறது. அன்றைக்குத்தான் தறி இரண்டாவது முறையாக நின்றது.

குடும்பம் என்றால் சண்டை இல்லாமலா? மிராண்டாவுக்கும் ஜாக் என்ற மொட்டைத்தலைப் பெண்ணுக்கும் ஒருநாள் கைகலப்பு. பேசித் தீர்க்க உங்களிடம் நீல நிற நல்லவர் மதிப்பெண்ணோ சிவப்பு நிற முரடர் மதிப்பெண்ணோ நிறைய இருக்க வேண்டும். நான் சில இடத்தில் நீலம், சில இடத்தில் சிவப்பு என்று மனிதனாக நடந்துகொண்டதால் இரண்டுமே போதவில்லை. சமாதானம் செய்யும் வாசகம் கண்ணெதிரே மங்கலாகத் தெரிகிறது, அழுத்த முடியவில்லை. ஒன்று முழுச் சாமியார், இல்லாவிட்டால் முழு ரவுடி. நடுவில் இருப்பவனுக்கு இந்தப் பிரபஞ்சத்தில் வாயே கிடையாது. மிராண்டா பக்கம் பேசினேன். ஜாக் அதற்கப்புறம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இடையில் அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்தாள். கேப்டன் அறையில் ஒரு மீன்தொட்டி உண்டு. கடையில் வாங்கி விடலாம், நாம்தான் தீனி போட வேண்டும். நான் இரண்டு வேலை முடித்துவிட்டு வந்தால் மீன் செத்திருக்கும். மறுபடி வாங்குவேன், மறுபடி சாகும்.

"மீனுக்குத் தீனி போடாதவதான் உலகத்த காப்பாத்தப் போறாளா?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

கடைசிக் கட்டத்துக்குத் 'தற்கொலைப் பணி' என்றே பெயர். எங்கள் ஊர்க் கணக்கில் அது படுகளம். யார் குழாய்க்குள் நுழைவது, யார் இரண்டாம் அணிக்குத் தலைமை, யார் கவசம் பிடிப்பது, யாரை வாசலில் நிறுத்துவது எல்லாம் நம் முடிவு. ஒவ்வொரு முடிவுக்கும் ஓர் உயிர் பிணை. நான் பார்த்த விளையாட்டுகளில், இவ்வளவு நேரம் பழகிய ஆட்களின் பெயரைச் சொல்லி அனுப்பும்போது கை நடுங்கியது இதில் மட்டும்தான்.

அந்த வருடங்களில் சென்னையைத் தாண்டினால் மின்வெட்டு. இந்த விளையாட்டிலோ சண்டை நடக்கும்போது சேவ் செய்ய முடியாது. தேனீக்கூட்டம் போல் பூச்சிகள் மொய்க்க, ஒரே ஒரு கவசக் குமிழுக்குள் நாங்கள் நகர்ந்துகொண்டிருந்தபோது, டப். இருட்டு. மின்விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அந்த நிசப்தத்தில் தறி மட்டும் டக், டக் என்று போய்க்கொண்டிருந்தது. குழித்தறிக்குக் கரண்ட் வேண்டாம். அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் நெய்துகொண்டே என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது.

கரண்ட் வந்து மறுபடி நுழைந்தேன். ஜாக் செத்தாள். கடைசி வில்லனாக வந்து நின்றது, இடுப்புக்கு மேல் மட்டும் கட்டி முடித்த ராட்சத மனித எலும்புக்கூடு. இவ்வளவு பெரிய கதைக்கு இந்த முடிவா? எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திடலில் பதினெட்டாம் போரின் படுகளத்துக்கு மண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். சுண்ணாம்பு கண், கரி மீசை, அசையாது. ஆனாலும் பீமன் தொடையில் அடிக்கும்போது சின்னப் பிள்ளைகள் அலறும். பயோவேரின் எலும்புக்கூடு ஆடுகிறது, உறுமுகிறது, நெருப்பு கக்குகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அடங்கியது அடுத்த காட்சியில். வாசலைக் காக்க விட்டுவந்தவர்களில் ஒருவர் சரிந்து கிடக்கிறார். மோர்டின். வாசலில் நிற்பவர்களின் பலத்தை விளையாட்டு சராசரி எடுத்துப் பார்க்கும், போதாவிட்டால் இருப்பவர்களில் மெலிந்தவர் போவார். அவரை மீட்கப்பட்ட ஆட்களோடு கப்பலுக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பார். எனக்கு அது தெரியாது.

"வயசான மனுசன வாசல்ல நிக்கவெச்சிட்டு நீ உள்ள பூட்டியே" என்றார் அப்பா. அன்று மாலை அவர் நெய்யவில்லை. நானும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

பத்து நாள் கழித்து முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை ஒழுக்கமான நீலம். எல்லார் அப்பாவையும் பார்த்தேன், எல்லார் வழக்கையும் முடித்தேன், சண்டைக்காரிகள் இருவரையும் சமாதானப்படுத்தினேன், நூறு கிரகம் தடவினேன். மோர்டினைக் கையைப் பிடித்துக் கப்பலுக்கு அனுப்பினேன். ஒருவர்கூடச் சாகவில்லை. அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, திரையில் ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்துவிட்டு, "செரி" என்றார். எங்கள் வீட்டில் அது பொன்னாடை.

வெற்றிக் களிப்பில் ஷெப்பர்டை மேல்தளத்துக்கு, அவள் அறைக்குக் கூட்டிப்போனேன். தொட்டியில் மூன்று மீனும் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தன.