திம்பம் செக்போஸ்ட்டிலிருந்து ஒரு யோசனை

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தாருக்கு, சத்தியமங்கலத்திலிருந்து வணக்கமுங்க.

2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை நடந்த அந்த நாலு நாளும் எங்க ஊட்டு டி.வி.யில் ஓயாமல் சங்கு ஊதியது. மில் சங்குக்கு எழுந்து பழகின அப்புச்சி, ஷிப்ட் தொடங்கிருச்சுன்னு நடுராத்திரியில் தூக்குப்போசியைத் தேடினார். "செய்தி வாசிக்கறாங்க அப்புச்சி" என்றேன். "செய்திக்கு எதுக்குக் கண்ணு சங்கு? ஆள் செத்தாத்தானே ஊதுவாங்க?" என்றார். சேனல்கள் அந்த ஓசையைப் போட வேண்டாமென்று குடிமைப் பாதுகாப்பு இயக்ககம் மே 10இல் கேட்டுக்கொண்டது. சண்டை நின்றதும் அன்றைக்குத்தான்.

படை நகர்வதை நேரலையில் காட்டக் கூடாதென்று ஏப்ரல் 26இல் நீங்கள் சொன்னது நியாயம். சேனல்காரர்களும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள்: நகர்ந்ததை விட்டுவிட்டு நகராததைக் காட்டினார்கள். மே 8 இரவு கராச்சித் துறைமுகம் தகர்ந்தது. இஸ்லாமாபாத்துக்கு யாரைக் கலெக்டராகப் போடலாமென்று எங்கூர் டீக்கடையில் ஒரே ரோசனை. விடிந்து பார்த்தால் கராச்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உங்களிடம் கத்திரிக்கோல் இல்லாமலில்லை. 8,000க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க அரசு உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனம் அதே மே 8இல் சொன்னது. மறுநாள் 'தி வயர்' இணையதளம் முடங்கியது. கராச்சியை எரித்தவர்கள் மட்டும் ஜம்மென்று ஓடினார்கள். களை வெட்டச் சொன்னால் பயிரைப் பிடுங்குகிற ஆளை எங்க தோட்டத்தில் மறுநாள் கூப்பிட மாட்டோமுங்க.

இங்கே மல்லிகை ஏலத்தில் விலையைக் கூட்டிச் சொன்னால், பூ வாடுவதற்குள் குட்டு உடைந்துவிடும். உங்கள் சரக்கு அப்படி வாடாது போல. நம் போர் விமானங்களுக்கும் சேதம் உண்டு என்று முப்படைத் தலைமைத் தளபதி ஒத்துக்கொள்ள மே 31 ஆனது. அதுவும் சிங்கப்பூரில், வெளிநாட்டுச் செய்தியாளர்களிடம். எத்தனை என்று அங்கேயும் சொல்லவில்லை. ராமநாதபுரத்துக்காரருக்குச் சிங்கப்பூரில் சொந்தபந்தம் இருக்கும், விசாரித்துக்கொள்வார். நாங்கள் யாரைப் பிடிப்பது?

அதனால் ஒரு விண்ணப்பம். காட்டு உயிர்கள் அடிபடாமலிருக்கத் திம்பம் மலைப்பாதையில் ராத்திரி லாரி போகத் தடை இருக்கிறது. அடுத்த சண்டையில் சேனல்களையும் அப்படியே பொழுது சாய்ந்ததும் நிறுத்தி, ஏற்றி வந்த பாரத்தைப் பார்த்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு அவிழ்த்து விடுங்கள். அதுவரை அப்புச்சியின் தூக்குப்போசியை நான் பரண் மேல் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கேபிள் கட்டணம் தவறாமல் கட்டும் ஒருவன்