கடைசி நானூறு மீட்டர்: ஓர் ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, வியர்வையில் நனைந்த ஓர் ஆள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், ஹேண்டில்பாரையே பார்த்தபடி சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவதைச் சென்னைவாசிகள் பலரும் கண்டிருப்பர். வாட்ச்மேன்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். “இன்னும் எத்தனை ரவுண்டு சார்?” என்று கேட்குமளவுக்கு அவர்களிடம் துறை அறிவும் உண்டு. ஆய்வுலகம்தான் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

நிகழ்வின் காரணம் வெளிப்படை. கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பியவரின் ஜிபிஎஸ் கருவி 99.6 கி.மீ. காட்டுகிறது. ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். நூறு இன்னும் வந்து சேரவில்லை. 0.4 என்ன பெரிய தூரமா என்று வீட்டார் கேட்பர். ஸ்ட்ராவா செயலியின் மாதாந்திர நூறு கி.மீ. சவாலில் 99.6க்குப் பதக்கம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது, சொன்னாலும் பயனில்லை.

இத்துறையின் அடிப்படை விதி ஒன்றே: கால் மிதித்ததெல்லாம் கணக்கில் வராது, கருவி பதிந்ததே வரும் என்க. முட்டுக்காடு பாலத்தில் பேட்டரி தீர்ந்தால், அதற்குமேல் மாமல்லபுரம் போனவரும் போகாதவரே. டீ குடிக்க நிற்கும்போது ‘ஆட்டோ பாஸ்’ கடிகாரத்தை நிறுத்திவிடுவதால், சராசரி வேகத்தைப் பொறுத்தவரை டீ குடித்ததும் நடக்காததே.

முன்னோர் இவ்வளவு வருந்தவில்லை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் கர்ட்டிஸ் வீடர் 1895இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சைக்ளோமீட்டர், சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஒரு பல் நகரும் எளிய எண்ணி. இன்றைய ரோடு பைக்கின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர், ஆக நூறு கி.மீ.க்குச் சுமார் 47,500 சுற்று. அதில் வானத்துக்கு வேலையில்லை. ஜிபிஎஸ் கருவியோ ஏறக்குறைய 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரங்களைக் கேட்டுத்தான் நாம் நீலாங்கரையைத் தாண்டினோமா என்று சொல்கிறது. சார்பியலின்படி அக்கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கி.மீ. அளவுக்குப் பிழை சேரும் என்பர். திருத்தாமலே விட்டிருக்கலாமே என்று ஏங்கும் சைக்கிள்காரர்கள் உண்டு.

சார்பியல் என்றதும் ஆர்தர் எடிங்டன் வந்தே தீருவார். 1919ஆம் ஆண்டுக் கிரகணத்தைப் பிரின்சிபே தீவிலிருந்து படமெடுத்து, ஐன்ஸ்டைன் சொன்னபடி ஒளி வளைவதை உலகுக்குக் காட்டியவர். அதைவிட முக்கியம், அவர் சைக்கிள்காரர். தமக்கென ஓர் எண் வகுத்துக்கொண்டார்: 50 மைலுக்குக் குறையாமல் 50 நாள் ஓட்டியிருந்தால் உங்கள் எண் 50. இதன் கொடுமை ஏறஏறத்தான் தெரியும். 75இலிருந்து 76க்குப் போகும்போது, சரியாக 75 மைல் ஓட்டிய நாளெல்லாம் செல்லாக்காசு. 1935இல் நம் வானியற்பியலாளர் சந்திரசேகர், வெண்குறுமீன் என்னும் விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று லண்டனில் வானியலாளர் அவையில் சொன்னபோது, அதை அங்கேயே எள்ளியவர் இதே எடிங்டன்தான். பிற்பாடு தமது சைக்கிள் எண் இன்னும் 75ஆகவே இருப்பதை அந்தச் சந்திரசேகருக்கே கடிதத்தில் தெரிவித்தார். பிறர் எல்லையை ஏற்காதவர் தம் எல்லையைத் தபாலில் அனுப்பினார். கடைசியில் 84 வரை எட்டினார். கேம்பிரிட்ஜ் வான்நோக்ககத்தின் வாசலில் அவர் வட்டமடித்தார் என்பதற்குச் சான்றில்லை. அடிக்கவில்லை என்பதற்கும் இல்லை.

இனி வட்டத்துக்கு வருவோம். இதில் இரு கட்சி. குறைவாதிகள் கூறுவது: கருவி பதிவது புள்ளிகளையே, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போடுவதால் சிறிய வட்டத்தின் வளைவு வெட்டுப்படும், மிதித்ததைவிடக் குறைவாகவே ஏறும். மிகைவாதிகள் மறுப்பது: அடுக்குமாடிச் சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞையால் புள்ளி அங்குமிங்கும் தாவும், ஆகவே கூடுதலாகவே ஏறும். இருவர் கூற்றும் மெய். திறந்த வானத்தின் கீழேயே நாலைந்து மீட்டர் பிசகும் கருவியை இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே கொண்டுபோனால், மூன்றாம் மாடிக்காரரின் பூஜை அறைக்குள் சைக்கிள் போய்வந்ததாக வரைபடம் காட்டுவதில் வியப்பென்ன? நூறு கி.மீ.யில் நம்பத் தகாத பகுதி எதுவோ, அதைக்கொண்டே நூறு நிறைவு பெறுகிறது என்பது இவ்வாய்வின் முடிபு. சக்கரத்தில் சென்சார் மாட்டினால் இச்சிக்கல் தீரும்தான். மாட்டியவர்களும் சுற்றுகிறார்கள்.

வீட்டைத் தாண்டி அடுத்த சிக்னல் வரை நேராகப் போய்த் திரும்பினால் என்ன எனலாம். போனவர்கள் 100.7உடன் திரும்புகிறார்கள். எடிங்டன் எண்ணைக் கிலோமீட்டரில் கணக்கிட்டு 101க்குக் குறிவைத்திருப்பவருக்கு அதுவும் பழைய கதைதான். நேரே கார் நிறுத்துமிடம்.

எஞ்சியிருப்பது சேர்ந்து ஓட்டுவோர் சிக்கல். ஒரே சாலை, ஒரே வேகம், முன்னும் பின்னுமாக இருவர். ஒருவர் கருவியில் 100.1, மற்றவர் கருவியில் 99.6. நூறு கண்டவர் உடன் சுற்ற வேண்டியதில்லை என்பதே பெரும்பான்மைக் கருத்து. அவர் டீக்கடையில் காத்திருப்பார். டீக்குக் காசு யார் கொடுப்பது, சுற்றியவரா நின்றவரா என்பதில் மட்டும் இன்னும் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.