செருப்புத் தின்னிக்கு ஒரு வக்காலத்து

மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் ஜூன் பிறந்தால் ரப்பர் பூட்ஸ் வாசலில் காயாமல் கிடக்கும். வீட்டு நாய்க்குட்டிக்கு அதுதான் பந்தி. 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாத வயதாகிவிடும். அதுவரை ஈறு நமநமக்கும், கடிக்காமல் என்ன செய்யும்? நம்முடைய ஞானமோ பெரிது: பழைய செருப்பை விளையாடக் கொடுத்துவிட்டு, புதுசைக் கடித்ததும் விளக்குமாற்றைத் தூக்குகிறோம். விலைச்சீட்டு வாசிக்கத் தெரியாத பிராணி! அரைமணி கழித்து விழும் அடி எதற்கென்றும் அதற்குப் புரியாது. அடிப்பதற்குப் பதில், காலையில் குட்டியைத் தேயிலைக்காட்டு ஓரமாக நன்றாக நடக்கக் கூட்டிப்போங்கள். குளிரவைத்த கேரட்டைக் கொடுங்கள், பக்கத்து வட்டவடையில் விளைவதுதானே. வெந்த எலும்பு மட்டும் வேண்டாம். சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பூட்ஸையா? எடுத்துப் பரணில் வையுங்கள், சாமி.