அல்வா முதல் பலாப்பிஞ்சு வரை

கேள்வி: திருநெல்வேலி அல்வா, முதலூர் மஸ்கோத் அல்வா. எது உசத்தி?

பதில்: திருநெல்வேலியில் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுகிறார்கள். முதலூரில் நெய்க்கு வேலையே கிடையாது. மைதாவில் எடுத்த பாலோடு தேங்காய்ப்பால் கொதித்து, அதிலிருந்து பிரியும் எண்ணெயிலேயே அல்வா வெந்துவிடும். நெய் மணத்துக்கு நெல்லை, தேங்காய் மணத்துக்கு முதலூர். பஸ் பிடித்தால் ஒரே நாளில் இரண்டையும் சாப்பிடலாம். அதை விட்டுவிட்டுப் பஞ்சாயத்து எதற்கு?

கேள்வி: மீல் மேக்கரில் சுக்கா செய்தால் மட்டன் ருசி வருமா?

பதில்: வராது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவில் செய்வது அது. 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம் உண்டு. சொந்த ருசி மிகக் குறைவு. ஆகவே மசாலாவின் தயவில்தான் அது வாழ்கிறது. வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, பிறகு வாணலியில் போடுங்கள். பிழியாவிட்டால் உள்ளே தண்ணீர் குடியிருக்கும்; மசாலா வாசலிலேயே நின்றுவிடும்.

கேள்வி: கறிக்கு ஈடாக எதைத்தான் சமைப்பது?

பதில்: பலாப்பிஞ்சை. இலங்கையில் அதை வறுத்த மசாலாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, சிறுதீயில் நெடுநேரம் வேகவைத்து 'பொலொஸ்' கறி வைப்பார்கள். நார் நாராகப் பிரியும். ஆட்டின் பெயரைக் கடன் வாங்காமல் தன் பெயரிலேயே இலைக்கு வரும் கறி அது. எனக்கு அந்தத் தன்மானமும் பிடிக்கும், ருசியும் பிடிக்கும்.