பெரியப்பாவின் பல்செட்டும் பெய்ஜிங் தூதரும்

நாதுலா கணவாயை 44 வருஷம் கழித்து 2006 ஜூலை 6-ஆம் தேதி திறந்தார்கள். அந்த வழியாக எதையெல்லாம் கொண்டுபோகலாம், எதையெல்லாம் கொண்டுவரலாம் என்று இந்தியாவும் சீனாவும் கூடிப் பேசி முடிவு செய்த பட்டியல் என் மேஜைக்கு வந்தது. பாரிமுனையில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையில் அப்போது எனக்கு உத்தியோகம். நம் பக்கத்திலிருந்து போகத்தக்கவை 29: போர்வை, சைக்கிள், வெல்லம், கற்கண்டு, மண்ணெண்ணெய், கைக்கடிகாரம், மூக்குப்பொடி, இன்னபிற. அவர்கள் பக்கத்திலிருந்து வரத்தக்கவை 15. வெள்ளாடு, செம்மறியாடு, குதிரை, உப்பு, கச்சாப் பட்டு, யாக் எருமையின் வால் எல்லாம் அதில் அடக்கம்.

வாலைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். சுவாமி புறப்பாட்டில் வீசுகிறோமே வெண்சாமரம், அது அந்த வால்தான். நான் சிரித்தது வேறு காரணத்துக்காக. பட்டியலை மூடிவிட்டு அன்றைய தபாலைப் பிரித்தால், அதே சீனாவிலிருந்து மின்நிலையக் கொதிகலன், தொலைபேசிக் கருவி, மருந்துக்கான மூலப்பொருள் என்று கப்பலில் வந்து இறங்குவதற்கான எல்.சி. என்கிற கடனுறுதிக் கடிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. 14,000 அடி உயரத்தில், குளிரில் நடுங்கிக்கொண்டு பெரிய மனிதர்கள் ரிப்பன் வெட்டியது மூக்குப்பொடிக்கு. கொதிகலனுக்கு ரிப்பனும் கிடையாது, பேண்டு வாத்தியமும் கிடையாது. அது பாட்டுக்குத் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த வேடிக்கையை நான் முதலில் பார்த்தது எங்கள் பெரியப்பாவிடம்.

1962. விருதுநகர். எனக்கு ஒன்பது வயது. பெரியப்பாவுக்கு மிளகாய் வற்றல் மண்டி. மேல்வரிசைப் பல் அத்தனையும் போய், சரக்கு விஷயமாக மெட்ராஸ் போன இடத்தில் ஒரு சீனாக்காரப் பல் டாக்டரிடம் பல்செட் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பல்லுக்குச் சீனாக்காரர்தான் கைராசி என்று அப்போது வியாபாரிகள் மத்தியில் ஒரு நம்பிக்கை. பெரியப்பா அந்தப் பல்செட்டை ராத்திரி ஒரு வெண்கல டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைப்பார். நாங்கள் கூடி நின்று பார்ப்போம். தண்ணீருக்குள் அது எங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

அக்டோபர் 20-ஆம் தேதி எல்லையில் சண்டை மூண்டது. நேரு யுத்த நிதி கேட்டார். முதலமைச்சர் காமராஜர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் ஊருக்குக் கூடுதல் பொறுப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உண்டியல் வைத்தார்கள். பெண்கள் கூட்டத்திலேயே வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். பெரியப்பா மேடையேறி, இனி சீனாக்காரன் செய்த எந்தச் சாமானையும் தொடுவதில்லை என்று சபதம் போட்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து எவனோ, "அப்ப அந்தப் பல்லு, அண்ணாச்சி?" என்றான்.

பெரியப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மேடையிலேயே பல்செட்டைக் கழற்றித் துண்டில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. அதற்கு மேல் அவர் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. இருந்தாலும் அந்தக் கூட்டத்திலேயே உருக்கமான பேச்சு அதுதான் என்று ஊரில் பெயர்.

வீட்டில் நடந்தது வேறு. பெரியம்மா இலை போட்டதும் வாசல் கதவைச் சாத்தச் சொல்லுவார். செட்டை மாட்டிக்கொள்வார். சீடை, முறுக்கு, ஆட்டுக்கறி எதிலும் குறை வைக்க மாட்டார். கையலம்பும்போது கழற்றிவிடுவார். கதவு திறக்கும். நவம்பர் 21-ஆம் தேதி சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. பெரியப்பா மட்டும் தெருவில் பொக்கை வாயோடு இன்னும் ஒரு வருஷம் போரை நடத்தினார். 1963-ல் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த 'ரத்தத்திலகம்' வந்தது. சீனச் சண்டைக் கதை. கொட்டகை இருட்டில் பல்செட்டோடு உட்கார்ந்து பார்த்து, தேம்பி அழுதார். இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் கழற்றிவிட்டார்.

பெரியப்பா அடுத்த தடவை மெட்ராஸ் போனபோது அந்தப் பல் வைத்தியசாலை பூட்டிக் கிடந்ததாம். அவர் சொல்லும்போது இதில் நகைச்சுவை எதுவும் இல்லை, எனக்கும் இல்லை. அஸ்ஸாம், டார்ஜிலிங், கலிம்போங் பக்கங்களில் தலைமுறைகளாக இருந்த சீன வம்சாவளிக் குடும்பங்களை, குழந்தை குட்டிகளோடு ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சுமார் 3,000 பேர். சிலர் வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். சண்டை ஒரு மாதம்தான் நடந்தது.

இத்தனைக்கும் ஆறு வருஷத்துக்கு முன்னால் நிலவரம் தலைகீழ். 1956 டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என்லாய் மெட்ராஸுக்கு வந்தார், மாமல்லபுரம் போய்ச் சிற்பங்களைப் பார்த்தார். 'இந்தி சீனி பாய் பாய்' காலம் அது. பள்ளியில் எங்களுக்குப் பஞ்சசீலம் மனப்பாடப் பகுதி. ஐந்தையும் வரிசையாகச் சொல்லாதவன் பெஞ்சு மேல் ஏற வேண்டும். பிற்காலத்தில் வங்கி வேலைக்காக, பஞ்சசீலம் இடம்பெற்ற 1954 இந்திய-சீன ஒப்பந்தத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அது இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவே வியாபாரமும் யாத்திரையும் எப்படி நடக்க வேண்டும் என்ற ஒப்பந்தம். ஐந்து சீலமும் அதன் முகவுரையில் ஒரு பகுதி. ஒப்பந்தத்துக்கு ஆயுள் எட்டு வருஷம். 1962 ஜூனில் காலாவதி ஆயிற்று. யாரும் புதுப்பிக்கவில்லை. எங்கள் கிளையில் ஓர் எல்.சி. காலாவதி ஆவதற்குப் பத்து நாள் முன்னாலேயே பார்ட்டிக்குப் போன் போட்டுவிடுவோம். இரண்டு பெரிய தேசங்களுக்குப் போன் போட ஆளில்லாமல் போயிற்று.

போன் போட்டிருக்க வேண்டியவர்கள் தூதர்கள். அந்தக் காலத்துப் பீக்கிங்கில் கடைசியாக இருந்த நம் தூதர் ஜி. பார்த்தசாரதி, மெட்ராஸ்காரர். 1961-ல் திரும்பினார். தூதரகம் இருந்தது, கீழ்நிலை அதிகாரிகள் இருந்தார்கள், தூதர் நாற்காலி மட்டும் 15 வருஷம் காலி. நடுவில் 1970 மே தினத்தன்று, தியானன்மென் மேடையில் வரிசையாக நின்ற வெளிநாட்டுப் பிரதிநிதிகளில் நம்மவரான பிரஜேஷ் மிஸ்ராவைப் பார்த்து மாவோ புன்னகைத்து, நட்பாக நாலு வார்த்தை சொன்னார். டில்லியில் அந்தப் புன்னகைக்குப் பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை எல்லாம் எழுதினார்கள். உரை எழுதி முடித்து, 1976-ல் கே.ஆர். நாராயணனைத் தூதராக அனுப்ப ஆறு வருஷம் பிடித்தது. 1979-ல் வாஜ்பாய் வெளியுறவு அமைச்சராகப் போனார். அவர் அங்கே இருக்கும்போதே சீனா வியட்நாம் மேல் படையெடுத்தது. பாதியில் திரும்பினார். 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி போய் டெங் சியோபிங்கோடு கை குலுக்கினார், வெகுநேரம் குலுக்கினார்கள். 1992-ல் முதன்முதலாக ஓர் இந்தியக் குடியரசுத் தலைவர் சீனா போனார். அவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். தமிழர் ஒருவர் எழுந்து வந்த கதையை இன்னொரு தமிழர் போய் முடித்து வைத்ததாக எங்கள் கிளையில் ஒரு தஞ்சாவூர்க்கார கேஷியர் பெருமைப்பட்டுக்கொண்டார். கதை எங்கே முடிந்தது?

நான் பார்த்த சீனா முழுக்கக் காகிதத்தில்தான். எண்பதுகளில் ஒரு பட்டுநூல் வியாபாரி ஹாங்காங் முகவரியில் ஒரு கம்பெனிக்கு எல்.சி. திறப்பார். ஹாங்காங்கில் பட்டுப்புழு ஏது? பேல் மேல் என்ன எழுத்து இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். "அதை நான் படிக்கறதில்ல சார், நூலு நல்லா இருக்கு" என்றார். பெரியப்பாவுக்கு வாசல் கதவு, இவருக்கு ஹாங்காங். தொண்ணூறுகளில் அந்த மறைப்பும் வேண்டாம் என்றாயிற்று. ஷாங்காய், நிங்போ என்று துறைமுகங்கள் நேரடியாகவே பில் ஆஃப் லேடிங்கில் வரத் தொடங்கின. ஓய்வு பெறும்போது என் மேஜையில் வேறு தேசத்துக் காகிதம் வந்தால்தான் ஆச்சரியம்.

அப்புறம் மறுபடி மாமல்லபுரம். 2019 அக்டோபர் 11, 12. ஷி ஜின்பிங் கிண்டி ஹோட்டலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வந்தார். வழியெல்லாம் வாழைமரம், பரதநாட்டியம், பொய்க்கால் குதிரை. காய்கனிகளைக் கோத்தே ஒரு நுழைவாயில் கட்டியிருந்தார்கள். நம் பிரதமர் வேட்டி, வெள்ளைச் சட்டை, துண்டு. இருவரும் ஐந்து ரதம் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி இருக்காங்க" என்றாள். தமிழ்நாடும் ஃபுஜியன் மாகாணமும் சகோதர மாநிலங்கள் ஆகும் என்றார்கள். அதில் நியாயமும் உண்டு. ஃபுஜியனில் குவாஞ்சோ துறைமுகத்தில் நம் வணிகர்கள் 13-ஆம் நூற்றாண்டிலேயே சிவன் கோயில் கட்டி, தமிழில் கல்வெட்டும் வெட்டியிருக்கிறார்கள். தூதரக உறவு ஏற்பட்டு 70 வருஷம் ஆவதால் 2020-ல் 70 நிகழ்ச்சிகள் நடத்துவது என்றும் அங்கே முடிவாயிற்று.

2020-ல் நடந்தது கல்வான் எல்லை மோதல். ஜூன் 15 ராத்திரி நம் வீரர்கள் 20 பேர் போனார்கள். அவர்களில் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். 1956-க்கும் 1962-க்கும் ஆறு வருஷ இடைவெளியாவது இருந்தது. இந்தத் தடவை எட்டு மாதம்.

பிறகு பழையபடி கதவைச் சாத்தும் படலம். டிக்டாக், வீசாட் உட்பட 59 செயலிகளுக்குத் தடை. சீன முதலீட்டுக்கு அரசு அனுமதி கல்வானுக்கு முன்பே கட்டாயம் ஆகியிருந்தது. விசா கிடையாது. கொரோனாவுக்காக நின்ற நேரடி விமானம் கொரோனா போன பிறகும் பறக்கவில்லை. தெருவில் டிவி பெட்டியைப் போட்டு உடைத்தவர்கள், அதைத் தங்கள் செல்போனில் படம் பிடித்துப் போட்டார்கள். அந்த செல்போன் எந்த ஊரில் செய்தது என்று பின்னாலிருந்து கேட்க ஆளில்லை. சரக்கோ கூடிக்கொண்டே போயிற்று. 2024-25 நிதியாண்டில் சீனாவிலிருந்து நாம் வாங்கியது 11,300 கோடி டாலருக்கு மேல், விற்றது சுமார் 1,400 கோடி டாலர். உறவு உறைந்து கிடந்த வருஷங்களின் கணக்கு இது. உருகினால் என்ன ஆகுமோ.

இதை அன்றாடம் அனுபவிக்கிறவன் என் மைத்துனன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை. சீன சிகரெட் லைட்டர் அவன் ஜன்ம விரோதி. "ஒரு லைட்டரு இருபது தீப்பெட்டியத் தின்னுருது அத்தான்" என்பான். சங்கத்தோடு சேர்ந்து மனு மேல் மனு போட்டான். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தபோது வீடு வீடாக லட்டு கொடுத்தான். அதே மனிதன் அதற்கு முந்தின வருஷம்தான் தீப்பெட்டிகளைக் கட்டுக்கட்டி உறை போட ஒரு பேக்கிங் மெஷின் வாங்கினான். எங்கே? வேறெங்கே. மெஷின் கப்பலேறி வந்துவிட்டது. மாட்டிக் கொடுக்க வேண்டிய மெக்கானிக்குக்கு விசா வரவில்லை. போனில் சொல்லித் தருகிறேன் என்றார் அந்த மனிதர். நம் ஆளின் வாட்ஸப்புக்கு அங்கே தடை, அவருடைய வீசாட்டுக்கு இங்கே தடை. கடைசியில் இருவரும் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் செயலியில் சந்தித்து, சைகையில் பேசி, பாதி மெஷினை ஓட்டினார்கள்.

இப்போது காற்று திரும்பிவிட்டது. 2024 அக்டோபரில் கசானில் இரு தலைவர்களும் சந்தித்தார்கள். 2025 கோடையில் கைலாச மானசரோவர் யாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். கைலாசம் போகிற வழியில் தடுக்கப்பட்ட முதல் தமிழர் அப்பர். அவருக்காவது ஒரு குளத்தில் முங்கித் திருவையாற்றில் எழ வகை செய்து கொடுத்தார் சிவபெருமான். நம் காலத்து பக்தர்கள் ஐந்து வருஷம் காத்திருந்தார்கள். ஜூலையில் சீனச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா, அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு விமானம். ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் வாங் யி டில்லி வந்துபோனதும் லிபுலேக், ஷிப்கி லா, நாதுலா மூன்று கணவாய்களையும் எல்லை வியாபாரத்துக்குத் திறப்பதாகச் செய்தி.

அன்றைக்கே மைத்துனன் போன் செய்தான். "அத்தான், நாதுலாவத் தொறக்காங்களாமே. லைட்டரு அந்த வழியா வந்துருமா?"

"அந்த வழியா உப்பு, குதிரை, எருமை வால் வரும் மாப்ளே. நீ பயப்படாதே."

"அப்ப சரி. மெக்கானிக்கு விசா கெடச்சிரும் போலருக்கு. ஒரு லெட்டரு எழுதணும்."

அவனுக்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதித் தருவது ஓய்வு பெற்றதிலிருந்து என் பொறுப்பு. சீன மெக்கானிக்கை உடனே உள்ளே விடக் கோரி ஒன்று, சீனச் சரக்கை உள்ளே விடக் கூடாது என்று ஒன்று. ஒரே லெட்டர்ஹெட், ஒரே கையெழுத்து, ஒரே கூரியர். மெக்கானிக் வந்து சேருகிற வாரத்தில் சங்கத்தில் லைட்டர் எதிர்ப்புக் கூட்டமாம். மெஷின் ஓட ஆரம்பித்ததும் வந்துவிடுகிறேன் என்று தலைவரிடம் சொல்லி வைத்திருக்கிறான்.