பொட்டிப்புரமும் புரோட்டானும்

போடியில் யாரும் எதையும் தற்செயலாகக் கண்டுபிடிப்பதில்லை. எல்லாம் முன்பே தெரியும். நாளைக்கு ஏலக்காய் என்ன விலை போகும் என்பது டீக்கடை பெஞ்சில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த விலை ஏன் போகவில்லை என்பது மறுநாள் அதைவிடத் தெளிவாகத் தெரியும்.

இப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில், பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 50,000 டன் இரும்பு, சுமார் 1,500 கோடி ரூபாய். எதிர்ப்பும் வழக்குமாக வேலை நின்றுபோனது தனிக் கதை. ஏலக்காய் வியாபாரியான என் மச்சானுக்கு ஒரே சந்தேகம்தான்: “மாப்ள, இம்புட்டு முதல் போட்டா என்ன கிடைக்கும்னு சொல்லிருவாங்களா?”

சொல்ல மாட்டார்கள். அந்தத் தொழிலின் ராசி அப்படி. 1960களின் தொடக்கத்தில் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் கருவியோடு இறங்கி, விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்களை எண்ணினார்கள். ஆழம் கூடக் கூட எண்ணிக்கை குறைந்தது. அடியாழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. மச்சானாக இருந்தால் கடையைப் பூட்டியிருப்பார். அவர்களோ, வேறெந்தத் துகளின் இரைச்சலும் எட்டாத இடம் என்றால் நியூட்ரினோ பிடிக்க இதுதான் இடம் என்றார்கள். 1965இல் பிடித்தும் காட்டினார்கள்.

ஜப்பான்காரர்கள் கதை இன்னும் மேல். 1983இல் கமியோகா சுரங்கத்தில் 3,000 டன் தண்ணீரைத் தேக்கி, புரோட்டான் எப்போது சிதையும் என்று காவல் இருந்தார்கள். அது இன்றுவரை மசியவில்லை. சும்மா இருப்பானேன் என்று சூரிய நியூட்ரினோவையாவது பார்க்கத் தொட்டியைச் சீர்செய்து முடித்த கையோடு, 1987 பிப்ரவரி 23 அன்று, எங்கோ வெடித்த நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் பதினொன்று சில நொடிகளில் சிக்கின. சுமார் 1,60,000 ஆண்டு பயணம் செய்து, குழுத் தலைவர் கோஷிபா ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்னால் வந்து சேர்ந்திருக்கின்றன! 2002இல் அவருக்கு நோபல். நம்மூரில் அந்தக் கடைசி மாதத்தில் பென்ஷன் பேப்பர் நகர்ந்தாலே அதிசயம்.

மச்சான் அசையவில்லை. “அது அதிர்ஷ்டம். யாவாரத்துக்கு ஆகாது.”

யாவாரத்துக்கும் ஆகும் என்று காட்ட, அவர் விற்கும் ஞள்ளானி ஏலக்காயையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தேனீக்கள் மகரந்தம் மாற்றிப் பிறந்த செடிகளில் நன்றாகக் காய்த்ததைப் பொறுக்கிப் பெருக்கிய ரகம் அது. இன்று மலை முழுக்க அதுதான்.

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்தத் தேனீக்குக் கமிஷன் எதுவும் கொடுக்கலையே?”