இணையக் கடைக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ஆடித் தள்ளுபடிக்குச் சேலை எடுக்க முன்பெல்லாம் ரங்கநாதன் தெரு வரை போக வேண்டும். கூட்டத்தில் நசுங்க வேண்டும், செருப்பைத் தொலைக்க வேண்டும், கடைசியில் நல்ல சேலையைப் பக்கத்தில் நிற்கும் அம்மாளிடம் பறிகொடுக்க வேண்டும். இன்று அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வீட்டில் படுத்த வாக்கிலேயே ஏமாறலாம். இந்த வசதியை முழுமையாக அனுபவிக்க வேண்டுமானால், ஒரு கடையின் இணையதளத்தில் எது பலம், எது பலவீனம் என்று எடைபோடத் தெரிந்திருக்க வேண்டும். பட்டுச்சேலை விற்கும் தளத்தை உதாரணமாக வைத்து இங்கே வழிமுறை தரப்படுகிறது. மிக்ஸி, மெத்தை, மூட்டுவலித் தைலம் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

தேவையானவை: ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு பேனா. நோட்டின் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் ‘பலம்’ என்றும் வலப்பக்கம் ‘பலவீனம்’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஓடிபி வரும் போன் வேறொருவர் கையில் இருந்தால் ஆராய்ச்சிச் செலவு குறையும்.

விதி ஒன்றுதான். உங்கள் பணத்தை விரைவாகக் கடைக்குக் கொண்டுசேர்ப்பது பலம். அதைத் தாமதப்படுத்துவது பலவீனம். யாருக்குப் பலம் என்று கேட்பவர்கள் இந்தக் கட்டுரையைக் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கலாம்.

படி 1: வாசலில் நின்று பாருங்கள்

தளம் திறந்ததும் சேலை தெரிகிறதா? தெரிந்தால் வலப்பக்கம் எழுதுங்கள். நல்ல தளத்தில் முதலில் ஒரு சக்கரம் சுழலும். சுழன்று நின்றதும், உலகிலேயே உங்களுக்கு மட்டும் 15 சதவீதத் தள்ளுபடி விழுந்திருப்பதாகச் சொல்லிப் போன் எண்ணைக் கேட்கும். அடுத்து நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்கும். அதற்கடுத்து, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கும். பிறகு ஆப்பை இறக்கச் சொல்லும். இவற்றை மூட வைத்திருக்கும் பெருக்கல் குறி எத்தனை சிறிதோ அத்தனை மதிப்பெண். வெள்ளைத் திரையில் வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்தால் முழு மதிப்பெண்.

முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருந்தால் நிம்மதியாகிவிடுங்கள். கடை விரும்புவதும் அதைத்தான். நீங்கள் தட்டும் கார்டு எண்ணை வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம். மறுமுனையில் அதை வாங்கிக்கொள்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. போலிக் கடைக்காரரும் பூட்டு மாட்டலாம், இலவசமாகவே கிடைக்கிறது. ஜனங்கள் இதை நன்னடத்தைச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் குரோம் உலாவி 2023இல் பூட்டை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது. கடையின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பிரபலமான கடைப் பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தால் கற்பனை வளத்துக்குத் தனியாக ஐந்து மதிப்பெண்.

படி 2: கடிகாரத்தைப் பாருங்கள்

‘சலுகை முடிய இன்னும் 09 நிமிடம் 42 விநாடி.’ சிவப்பு எழுத்தில் துடிக்கிறதா? பலம். கூடவே ‘கடைசி 2 சேலைகள்’, ‘இதை இப்போது 37 பேர் பார்க்கிறார்கள்’ என்றும் வந்தால் பெரும் பலம். சந்தேகப் பிராணிகள் ஒரு பரிசோதனை செய்யலாம். தளத்தை மூடிவிட்டு, இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். கடிகாரம் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஆரம்பித்தால் அது காலத்தை வென்ற கடை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் தந்திரங்கள் 13ஐப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. போலி அவசரம்தான் பட்டியலில் முதலாவது. ஆணையத்துக்கு அது குற்றப்பட்டியல். நமக்கு அதுவே பாடத்திட்டம்.

படி 3: அடித்த விலையை ரசியுங்கள்

₹12,999 என்று எழுதி, குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் ₹1,299. இதைப் பார்த்துப் பதினோராயிரத்து எழுநூறு ரூபாய் மிச்சம் என்று உள்ளம் குதித்தால் தளம் நன்றாக வேலை செய்கிறது. எம்.ஆர்.பி. என்பது அதற்குமேல் விற்கக் கூடாது என்கிற உச்சவரம்பு. அந்த விலைக்கு என்றைக்காவது யாராவது வாங்கினார்கள் என்பதற்கு அத்தாட்சி அல்ல. இதையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மிச்சம் பிடித்த பதினோராயிரத்து எழுநூறு எங்கே என்று கேட்பார்கள்.

படி 4: படமும் விவரமும்

‘காஞ்சிபுரம் ஸ்டைல் சாஃப்ட் சில்க்’ என்பது உயர்ந்த வர்ணனை. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது, அந்தப் பெயரைக் கண்டபடி ஒட்டக் கூடாது. ‘ஸ்டைல்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சேலை சூரத்திலிருந்தும் வரலாம். ‘ஆர்ட் சில்க்’ என்றிருந்தால் கலைநயம் என்று நினைத்து மகிழுங்கள். அது செயற்கை இழை. மத்திய பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த ‘சில்க் மார்க்’ முத்திரையின் படத்தைச் சேலையோடு காட்டியிருந்தால் அந்தக் கடைக்கு வியாபாரம் தெரியவில்லை. பலவீனம்.

நீளம் எத்தனை மீட்டர், பிளவுஸ் துணி உண்டா, ஜரிகை என்ன ஜரிகை என்ற விவரங்கள் முன்னாலேயே இருந்தால் அதுவும் பலவீனம். ‘வெளிச்சத்தைப் பொறுத்து நிறம் மாறலாம், மாடல் அணிந்துள்ள பிளவுஸ் விற்பனைக்கு அல்ல’ என்ற வரி அடியில் பொடி எழுத்தில் இருந்தால் பலம்.

சேலை வந்தபின் ஓர் இழையை உருவி எரித்துப் பார்க்கலாம். பட்டானால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகிவிடும். ஆனால் எரித்த சேலையைக் கடை திரும்ப வாங்காது. அறிவும் ரீஃபண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

படி 5: விமர்சனங்கள்

ஒரே தேதியில் நாற்பது பேர் ‘வெரி நைஸ்’ என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்களா? வாடிக்கையாளர் ஒற்றுமைக்கு மதிப்பெண் போடுங்கள். சேலைக்கு அடியில் யாரோ ‘சட்னி நன்றாக அரைகிறது’ என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். நேற்றுவரை அந்தப் பக்கத்தில் மிக்ஸி விற்றது. பொருளை மாற்றிவிட்டு நட்சத்திரங்களை வைத்துக்கொண்டார்கள். விமர்சனங்களை எப்படிச் சேகரித்து வெளியிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்திருக்கிறது. வாங்கியவரே துவைத்துப் பார்த்து எடுத்த படத்தோடு போட்ட இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களைக் கடை அழிக்காமல் விட்டிருந்தால் வலப்பக்கம் எழுதுங்கள். உண்மை அங்கேதான் ஒழுகுகிறது.

படி 6: கூடையைத் தூக்கிப் பாருங்கள்

1,299 ரூபாய்ச் சேலையைக் கூடையில் போடுங்கள். மொத்தம் 1,299 என்றே காட்டினால் இங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். பிளாட்ஃபார்ம் கட்டணம், பேக்கிங், கையாளும் செலவு, கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனிக் கட்டணம் என்று பக்கத்துக்குப் பக்கம் தொகை வளர வேண்டும். நீங்கள் கேட்காத பார்சல் இன்சூரன்ஸும், ஏழைக் குழந்தைக்குப் பத்து ரூபாயும் டிக் அடித்துத் தயாராக இருக்க வேண்டும். டிக்கை எடுக்கப் போனால், ‘வேண்டாம், குழந்தைகள் மீது எனக்கு அக்கறை இல்லை’ என்ற பட்டனைத்தான் அழுத்தவேண்டியிருக்கும். மனசாட்சியை இவ்வளவு மலிவாக எந்தச் சாமியாராலும் தொட முடியாது. முன்கூட்டியே டிக் அடித்துச் சம்மதம் பதிவுசெய்யக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விதிகள் சொல்லத்தான் சொல்லும்.

படி 7: குறை சொல்லிப் பாருங்கள்

‘சேலை கிழிந்திருக்கிறது’ என்று சாட்டில் எழுதுங்கள். ‘வணக்கம்! உங்கள் பார்சல் வெற்றிகரமாக டெலிவரி ஆகிவிட்டது’ என்று பதில் வந்தால் பலம். ‘மனிதரிடம் பேச வேண்டும்’ என்று எழுதுங்கள். ‘மனிதர் என்ற தலைப்பில் பொருள் எதுவும் கிடைக்கவில்லை’ என்று வந்தால் மிகப் பெரும் பலம்.

கடையின் முழுப் பெயர், தெரு முகவரி, குறைதீர் அலுவலர் பெயர், எடுக்கிற போன் எண் எல்லாம் தளத்திலேயே இருந்தால் சந்தேகமில்லாமல் பலவீனம். சட்டத்தைப் படித்துவிட்ட அப்பாவிகள்தான் அப்படிச் செய்வார்கள். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று சொல்வதும் அதே 2020 விதிகள்தான்.

படி 8: வெளியேற முயலுங்கள்

சேர ஒரு தட்டு போதும். விலக எத்தனை? இதில் உலகத் தரம் அமெரிக்காவில் இருக்கிறது. அமேசான் பிரைம் சந்தாவை ரத்துசெய்ய நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தேர்வுகளைக் கடக்கவேண்டியிருந்தது என்றும், கம்பெனிக்குள் அதற்கு ‘இலியட்’ என்று கிரேக்கக் காவியத்தின் பெயரை வைத்திருந்தார்கள் என்றும் அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023இல் வழக்குப் போட்டது. 2025இல் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நம் ஊர்த் தளங்கள் இன்னும் சிறுகதை அளவில்தான் இருக்கின்றன. ஊக்கப்படுத்தி மதிப்பெண் போடுங்கள்.

கூட்டிப் பார்த்தல்

இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று அரசுக்கே தோன்றியிருக்கிறது. உங்கள் தளத்தில் இந்தத் தந்திரங்கள் உண்டா என்று நீங்களே மூன்று மாதத்துக்குள் தணிக்கை செய்து சொல்லுங்கள் என்று 2025 ஜூனில் அதே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கடைகளிடமே கேட்டுக்கொண்டது. எங்களிடம் எதுவும் இல்லை என்று 26 பெரிய தளங்கள் எழுதிக் கொடுத்துவிட்டதாக அந்த நவம்பரில் அறிவிப்பு வந்தது. பரீட்சை எழுதியவரே விடைத்தாளும் திருத்தினால் யார்தான் ஃபெயில் ஆவார்?

ஆகவே உங்கள் நோட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது. இடப்பக்கம் நிறைந்த கடையில் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். பணமே பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930. வலப்பக்கம் நிறைந்த கடை, அதாவது கடிகாரம் இல்லாமல், முதல் பக்கத்து விலையையே கடைசிப் பக்கத்திலும் சொல்லி, கூப்பிட்டால் போனை எடுக்கிற கடை கண்ணில் பட்டால் உடனே வாங்கிவிடுங்கள். இத்தனை பலவீனத்தோடு ஒரு கடை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு அவசரம் மட்டும் நிஜம்.